தரையைத் தொடாத துடைப்பம்

முதலில் துடைப்பம் போகும். அதற்கு இரண்டு முழம் பின்னால் அவள் போவாள். காலை ஏழு மணிக்கு, குழாய்கள் ஓடும் நீளக் கொட்டகையில், கம்பின் அடியை ஒரு கையாலும் நடுவை மறு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு திரையை விலக்கிக்கொண்டு போகிறவளைப்போல நடப்பாள். துடைப்பம் மேலே எழும், கீழே இறங்கும், இடப்பக்கம் போய் வலப்பக்கம் வரும். தரையை மட்டும் தொடாது. வழியில் ஒரு காகிதத் துண்டு கிடந்தால் அதைத் தாண்டிப் போவாள். பெருக்கமாட்டாள்.

முதல்முறை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒருமுறை சிலிண்டர் ஏற்ற வந்த லாரிக்காரர் ஒருவர் கேட்டார்:

"ஏம்மா, ஒட்டடை அடிக்கிறியா? ஒட்டடை மேல இல்ல இருக்கும்?"

"ஒட்டடை இல்லீங்க. தீயைத் தேடறேன்."

"தீயா? எங்க?"

"தெரிஞ்சா ஏன் தேடப்போறேன்?"

லாரிக்காரர் தன் உதவியாளரைப் பார்த்து, தலைக்குப் பக்கத்தில் ஒரு விரலைச் சுழற்றிக் காட்டினார். அவள் அதைப் பார்த்தும் பாராதவளாக நடந்தாள். பத்தொன்பது வருடங்களாக அந்த விரல் சுழற்றலைப் பார்த்துப் பழகியவள்.

அவள் வேலை பார்க்கும் ஆலையில் தண்ணீரை மின்சாரத்தால் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பக்கம் ஆக்சிஜன், இன்னொரு பக்கம் ஹைட்ரஜன். ஹைட்ரஜனை அழுத்திச் சிவப்புச் சாயம் பூசிய சிலிண்டர்களில் அடைக்கிறார்கள். கண்ணாடி செய்கிற இடத்துக்கும், எண்ணெயைக் கெட்டியாக்குகிற இடத்துக்கும், உலோகத்தைக் காய்ச்சுகிற இடத்துக்கும் அவை போகின்றன. ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. உலகத்தில் அதைவிட இலேசான பொருள் வேறு இல்லை. கசிந்த இடத்தில் அரை நொடிகூட நிற்காமல் விட்டத்தைப் பார்த்து ஏறிவிடும். தீப்பற்றினாலும் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. புகையும் கிடையாது. விறகு அடுப்புக்கு முன்னால் நின்றால் முகத்தில் அறையுமே, அந்த அனல்கூட அதற்குக் குறைவு. ஓர் ஆள் உயரத்துக்கு எரிந்துகொண்டிருக்கும் தீக்குள் ஒருவன் தெரியாமலே, பேசிக்கொண்டே நடந்து போய்விடலாம். அதனால்தான் துடைப்பம். காய்ந்த புல் நுனி தீயைத் தொட்டதும் குபீரென்று பற்றும். பற்றினால் அவள் நிற்பாள்.

பத்தொன்பது வருடங்களில் மூன்று துடைப்பங்கள் எரிந்திருக்கின்றன. மூன்று முறையும் அவளுக்கு ஒரு முடிகூடக் கருகவில்லை.

"பாத்தா தெரியாது, மோந்தா தெரியாது. தொட்டாத்தான் தெரியும். தொட்டவன் வந்து நமக்குச் சொல்லமாட்டான்" என்பாள். ஆலையில் எல்லோருக்கும் அவள் 'தொடப்பக்கா'. அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அப்படித்தான். மேலாளர் மட்டும் "ஏம்மா" என்பார்.

வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'துப்புரவுப் பணியாளர்' என்று இருக்கும். துடைப்பம் வைத்திருப்பவளை வேறு எந்தப் பெயரில் சேர்ப்பது என்று அன்றைக்கு எழுத்தருக்குத் தெரியவில்லை. பிறகு வந்தவர்கள் மாற்றவில்லை. கசிவு தேடி நடப்பதற்கென்று அங்கே ஒரு பதவி கிடையாது. ஆனால் அவள் நடந்து முடித்து, கை காட்டாமல் ஒரு வால்வும் திறக்கப்படாது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் கை காட்ட, பட்டம் வாங்கியவர்கள் வெளியே காத்திருப்பார்கள்.

சிலிண்டர் வாயில் இருக்கும் திருகு மரை மற்ற மரைகளைப்போல இருக்காது. திருப்பிப் போட்டது. ஆக்சிஜன் குழாயைத் தவறிக்கூட அதில் மாட்டிவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. புதிதாக வந்த பொறியாளர் ஒருவர் முகம் சிவக்க அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சார், இதெல்லாம் எதிர்க்கட்சி. மூடற பக்கம் திருப்புங்க, திறந்துக்கும்."

அவர் திருப்பினார். திறந்தது. அன்றிலிருந்து ஆலையில் அந்த மரைக்கு எதிர்க்கட்சி என்றே பெயர்.

பருத்தியைத் தவிர வேறு துணி அவள் உடம்பில் ஏறாது. நைலான் துணி உரசினால் பிறக்கிற ஊசிமுனைப் பொறி போதும், ஹைட்ரஜனுக்கு. கொட்டகை வாசலில் ஒரு செப்புத் தகடு பதித்திருக்கிறார்கள். உடம்பில் தேங்கிய மின்சாரம் மண்ணுக்குள் போவதற்காக எல்லோரும் அதைத் தொட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். மற்றவர்கள் தட்டிவிட்டுப் போவார்கள். அவள் உள்ளங்கையை முழுதாகப் பதித்து, மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் எடுப்பாள். அந்தப் பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முதலில் தண்ணீர்க் குழாயைத் தொடுவாள். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பாள். மேலே காற்றுப் போக வழி இருந்தால்தான் முகம் தெளியும். புது வீடு கட்டி எல்லோரையும் அழைத்த உறவுக்காரர் ஒருவரிடம், "எல்லாம் நல்லா இருக்கு. ஆனா மேல மூச்சு விட ஓட்டை வைக்கலியே" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர்கள் இன்னும் பேசுவதில்லை.

அவள் தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். அக்கா துணி தைப்பவள். மழையில்கூட மேல் சன்னலைச் சாத்தவிடாத தங்கையோடு அவளுக்குத் தினமும் ஒரு சண்டை.

"ஏன்டி, நம்ம வீட்ல இருக்கிறது ஐட்ரஜனா?"

"இருந்தா உனக்குத் தெரியவா போகுது?"

"நனையறது மட்டும் நல்லாத் தெரியுதுடி!"

ஆறு வருடங்களுக்கு முன் ஆலைக்குக் கருவிகள் வந்தன. எட்டுக் கருவிகள். காற்றில் வாயு கலந்தால் மோப்பம் பிடித்து அலறும். அவற்றைக் கொண்டுவந்தவர் ஓர் ஒப்பந்தக்காரர். அதுவரை சமையல் வாயுக் கிடங்குகளில் மாட்டியே பழகியவர். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தண்ணீரைப்போலத் தரையில் பரவும். ஆகவே கருவியை முழங்கால் உயரத்தில் மாட்டவேண்டும். அந்தக் கை அந்த உயரத்துக்குப் பழகிவிட்டது. இங்கேயும் எட்டையும் முழங்கால் உயரத்தில் மாட்டிவிட்டு, ஏணியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த ஏணியை ஒருமுறைகூட அவர் விரித்திருக்கவில்லை.

அவள் போய் நின்றாள்.

"சார், இது மேல போற சரக்கு. நீங்க கீழ காவல் வெச்சுட்டுப் போறீங்க."

"எத்தனை ஊர்ல மாட்டியிருக்கேன் தெரியுமாம்மா?"

"அங்கெல்லாம் கீழ போற சரக்கா இருந்திருக்கும் சார்."

"நீ இங்க என்னவா இருக்கே?"

அவள் கையில் இருந்ததை அவர் பார்த்தார். பதில் கிடைத்துவிட்டது அவருக்கு. வண்டி ஏறிப் போய்விட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் இன்னொன்று நடந்தது. கொட்டகையின் முகட்டில் நீளமாக ஒரு திறப்பு இருந்தது. கசிகிற ஹைட்ரஜன் அந்த வழியாக வானத்துக்குப் போய்விடும். யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் அதே வழியாக மழைநீர் அழுத்தும் இயந்திரத்தின் மேல் சொட்டியது. இயந்திரம் விலை உயர்ந்தது. தகடு போட்டுத் திறப்பை மூடிவிட்டார்கள். திறப்பை மூடியதும் தப்பு, கருவிகளின் இடமும் தப்பு என்று சொல்ல அவள் மேலாளரிடம் போனாள். பொறியாளரிடம் போனாள். இரண்டு பேரும் "பாக்கலாம்" என்றார்கள். பார்த்தார்கள். மழை சொட்டவில்லை.

கருவிகளைத் தினமும் சோதிக்கும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. சின்னக் குப்பியில் சோதனை வாயு இருக்கும். ஒவ்வொரு கருவிக்கு முன்னாலும் மண்டிபோட்டு, குப்பியை அதன் மூக்கில் வைத்து அழுத்துவாள். கருவி அலறும். பதிவேட்டில் தேதி, நேரம், கருவி எண் போட்டு, கட்டத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்திடுவாள். எழுத்து ஒன்றோடொன்று முட்டாமல் அச்சுக் கோத்ததுபோல இருக்கும். அடித்தல் திருத்தல் கிடையாது. காய்ச்சலில் படுத்த நாளுக்கு எதிரே 'வரவில்லை' என்று மறுநாள் தானே எழுதியிருப்பாள். தணிக்கைக்கு வருகிறவர்கள் அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்பார்கள். ஒருவர் அதைப் புரட்டிவிட்டு, "இந்த ஆலையிலேயே ஒழுங்கா இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றாராம். அதை வீட்டில் வந்து சொன்னபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அக்கா இன்னும் மறக்கவில்லை.

ஆறு வருடம். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் நாள். எல்லாக் கட்டத்திலும் 'சரி'.

எழுதியதில் பொய் இல்லை. கருவி அலறுகிறதா என்பதுதான் கட்டத்தின் கேள்வி. அலறியது. சரி. கருவி இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று கேட்க அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

போன மழைக்காலத்தில், இரண்டு நாள் விடுமுறை முடிந்து ஆலை திறந்த காலை அது. அந்த இரண்டு நாளும் பூட்டிய கொட்டகைக்குள், ஓர் இணைப்பு ஊசிமுனை அளவுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. விட்ட மூச்செல்லாம் மேலே ஏறி, மூடிய முகட்டுக்குக் கீழே சேர்ந்திருக்கிறது. கீழே எட்டுக் கருவிகளும் பச்சை விளக்கோடு தரையைக் காவல் காத்துக்கொண்டிருந்தன.

அவள் மண்டிபோட்டு எட்டையும் சோதித்தாள். எட்டும் அலறின. எட்டுக் கட்டத்திலும் 'சரி' எழுதினாள். பிறகு துடைப்பத்தை எடுத்தபோது அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார்.

"தொடப்பக்கா, வெளியில இருந்து பெரிய ஆளுங்க வராங்களாம். கூட்ட அறையைப் பெருக்கணுமாம்."

"நடந்துட்டு வந்துடறேனே."

"பத்து நிமிஷ வேலைதானே? பெருக்கற ஆள் நீங்கதானேன்னு மேலாளர் கேக்கறாரு."

அவள் தன் துடைப்பத்தைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, கூட்ட அறைக்கென்று இருந்த வேறு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அவள் குழாய் ஓரமாக நடந்திருந்தால் அந்த ஊசி மூச்சு காதில் விழுந்திருக்கும். இதை அவளிடம் யாரும் சொல்லத் தேவையில்லை. அவளே தினமும் தனக்குச் சொல்லிக்கொள்கிறாள்.

அவள் கை காட்டாமல் வால்வைத் திறக்கக்கூடாது. சிலிண்டர் நிரப்புகிறவர் திறக்கவில்லை. அந்த நேரத்தை வீணாக்காமல், காலிச் சிலிண்டர்களை நகர்த்தி வைக்கலாம் என்று, விட்டத்தில் ஓடும் பாரந்தூக்கியின் பொத்தானை அமுக்கினார். மோட்டார் இருந்தது விட்டத்தில். ஹைட்ரஜனும் விட்டத்தில்.

கூட்ட அறையில் மேசைக்கு அடியில் குனிந்திருந்தவளின் தலைக்கு மேல் சன்னல் கண்ணாடிகள் கொட்டின. அவள் ஓடி வந்தபோது கொட்டகையின் கூரைத் தகடுகள் முற்றத்தில் கிடந்தன. நிரப்புகிறவர் உயிரோடுதான் இருந்தார். நின்றுகொண்டுதான் இருந்தார். புருவம் மட்டும் கருகியிருந்தது. மூச்சு விட்டுக்கொண்டிருந்த அந்த இணைப்புக்குப் பக்கத்தில் இருந்த வால்வை மூடிவிட வேண்டும் என்று அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிய எதுவும் எரியவில்லை. நல்ல வெளிச்சம், சுத்தமான காற்று.

"அண்ணே, நில்லுங்க! கையை நீட்டாதீங்க!"

வெடிச் சத்தத்தில் அவர் காது அடைத்துப் போயிருந்தது. அவள் சுவரோரம் கிடந்த துடைப்பத்தை எடுத்து அவர் தோளுக்கு மேலாக நீட்டினாள். வெறும் காற்றில் புல் குபீரென்று பற்றியது. அதற்குள் அவருடைய இரண்டு கையும் உள்ளே போய்விட்டன.

எரிந்த ஹைட்ரஜன் சாம்பல் ஆகாது. தண்ணீராகிவிடும். விசாரிக்க வந்தவர்கள் பார்த்தபோது கரி இல்லை, புகை படிந்த சுவர் இல்லை. குற்றவாளி ஈரமாகி, காய்ந்தும் போய்விட்டிருந்தது. ஆகவே அவர்களுக்கு வேறொரு குற்றவாளி தேவைப்பட்டது.

நிரப்புகிறவர் சிகரெட் பிடிக்கிறவர். வாசல் காவலரிடம் ஒரு தகரப் பெட்டி உண்டு. உள்ளே போகிறவர்கள் தீப்பெட்டியை அதில் போட்டுவிட்டுப் போகவேண்டும். இருபது வருடமாக அவர் போட்டுவிட்டுத்தான் போனார். அன்றைக்கும் போட்டார். ஆனால் அன்று மாலை அந்தத் தீப்பெட்டி பெட்டிக்குள் இல்லை. காவலருக்கு எதுவும் நினைவில்லை. மற்றபடி கணக்கு மிக எளிதாக இருந்தது. கருவிகள் அலறவில்லை. கருவிகள் அன்று காலைகூடச் சரியாக இருந்தன என்பதற்குப் பதிவேடு இருக்கிறது. ஆகவே கசிவே இல்லை. கசிவு இல்லையென்றால், அவராகவே வால்வைத் திறந்துவிட்டு, அவராகவே சிகரெட்டைப் பற்றவைத்திருக்கிறார்.

அவள் எழுதிய 'சரி' அவரைப் போய்ப் பிடித்துக்கொண்டது.

அவள் அவர் வீட்டுக்குப் போனாள். இரண்டு கையும் மணிக்கட்டுக்குக் கீழே துணிப் பொட்டலமாக இருந்தன. உள்ளே விரல்கள் எத்தனை மிச்சம் என்று அவள் கேட்கவில்லை. அவர் பேச்சு மட்டும் பழையபடி இருந்தது.

"வா தங்கச்சி. உக்காரு. கை குலுக்க முடியாது, கோவிச்சுக்காதே."

அவளுக்குச் சிரிக்க வரவில்லை.

"விசாரணையில உன்னைக் கேப்பாங்களாம். கருவி சரியா இருந்துச்சான்னு. இருந்துச்சுன்னே சொல்லிடு."

"சொன்னா உங்க தலையில விழும் அண்ணே."

"விழட்டுமே. தூக்கி எறியக் கையா இருக்கு? உன் வேலையாவது மிஞ்சட்டும்."

அவருடைய மனைவி தேநீர் போட உள்ளே போனாள். அவளும் கூடப் போனாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி அந்த அம்மாள் கேட்டாள்:

"உங்களை என் கூடப்பிறந்தவளா நெனச்சுக் கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. பத்தவெச்சாரா?"

"அய்யோ, என்ன அண்ணி இது?"

"எனக்குத் தெரியலீங்க. எல்லாரும் சொல்றாங்க. கேட்டா இல்லைங்கறாரு. முன்னாடி வீட்ல ஒளிஞ்சு பிடிச்சப்பவும் இல்லைன்னுதான் சொல்லுவாரு. சாப்பாடு ஊட்டும்போதெல்லாம் அவர் மூஞ்சியைப் பாத்துப் பாத்து யோசிக்கறேன். இது என்ன பொழப்பு, சொல்லுங்க."

தேநீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அடுப்பை அணைக்க மறந்து நின்றார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் மேலாளர் அவளைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. அவர் எப்போதும் கோபமாகப் பேசுவதில்லை.

"ஏம்மா, நாளைக்கு ஒரே ஒரு கேள்விதான். கருவி சரியா வேலை செஞ்சதான்னு. நீ எழுதினதைத்தான் நீ சொல்லப்போற."

"இடம் தப்புன்னு நான் வந்து சொன்னேனே சார்."

"எங்க எழுதியிருக்கு?"

"அதுக்குக் கட்டம் இல்லையே சார்."

"கட்டம் இல்லாததை நான் எப்படிம்மா பாக்கறது?" அவர் பதிவேட்டைத் தடவிக் கொடுத்தார். "ஆமான்னு சொன்னா உன் எழுத்துக்கு மரியாதை. இல்லைன்னு சொன்னா, ஆறு வருஷமா பொய் எழுதினவ. பொய் எழுதறவளை எந்த ஆலையில உள்ள விடுவாங்க? நீயே சொல்லு."

வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குழாயைத் தொடாமலே உட்கார்ந்தாள். அக்கா தையல் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"என்னடி சொல்லப்போற?"

"தெரியலக்கா."

"உன் எழுத்தை நீயே பொய்யுன்னு சொல்லுவியா? அந்தப் பதிவேட்டுல ஒரு புள்ளி தப்புக் கிடையாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனேடி நான்!"

"தப்பே இல்லாமத்தான்க்கா எழுதினேன். அதுதான் தப்பாப் போச்சு."

அந்த இரவு வீட்டில் மேல் சன்னல் யார் சண்டையும் இல்லாமல் திறந்தே கிடந்தது.

விசாரணை ஆலை அலுவலகத்தின் மாடியில் நடந்தது. நீள மேசை. நடுவில் வெளியிலிருந்து வந்த அதிகாரி. ஒரு பக்கம் மேலாளர், இன்னொரு பக்கம் தட்டச்சு செய்கிற எழுத்தர். எதிரே சாட்சிக்கு ஒரு மர நாற்காலி. யாரும் உட்காரச் சொல்லாததால் அவள் அதன் பக்கத்தில் நின்றாள். சுவரோரம் நிரப்புகிறவரும் அவர் மனைவியும். அவர் கைகளை மடியில் வைத்திருந்தார், வேறு யாரோ கொடுத்துவைத்த பொருளை வைத்திருப்பதுபோல.

அதிகாரி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

"உங்க எழுத்தா?"

"ஆமாங்க."

"எல்லாப் பக்கமும்?"

"எல்லாப் பக்கமும் நான்தாங்க."

"சம்பவத்தன்னைக்குக் கருவிகள் சரியா வேலை செஞ்சதா?"

"கருவி சரிங்க. வெச்ச இடம்தான்..."

"இடத்தைப் பத்திக் கேக்கல. ஆமாவா, இல்லையா?"

"அது மேல போறதுங்க. கருவி கீழ..."

"நீங்க துப்புரவுப் பணியாளர்தானே? வாயு எங்க போகும்னு சொல்றதுக்குப் படிச்சவங்க இருக்காங்க. நான் கேட்டதுக்கு மட்டும் பதில். ஆமாவா, இல்லையா?"

மேலாளர் அவளைப் பார்த்து, குழந்தையைத் தூண்டுகிறவரைப்போல மெல்லத் தலையசைத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சுவரோரம் பார்த்தாள். நிரப்புகிறவரின் மனைவி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க" என்றாள்.

தட்டச்சு நின்றது. மேலாளரின் தலையும் நின்றது.

"இல்லையா?" அதிகாரி பக்கங்களை விரலால் சரசரவென்று விட்டார். "அப்போ இத்தனை 'சரி'யும் பொய்யா?"

அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆமாங்க. பொய்."

"எழுதிக்கோ" என்றார் அதிகாரி. "பதிவேட்டில் தான் எழுதியவை பொய் என்று சாட்சி தானே ஒப்புக்கொண்டார்." எழுத்தரின் விரல்கள் மளமளவென்று ஓடின. அந்த வாக்கியத்துக்கு மட்டும் இடம் தயாராக இருந்ததுபோல எங்கேயும் தடுக்கவில்லை. சுவரோரம் நிரப்புகிறவர், "வேண்டாம் தங்கச்சி" என்றார். அவர் மனைவி அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். தீப்பிடித்த நாளுக்குப் பிறகு முதல்முறையாகச் சந்தேகம் இல்லாமல் பார்த்தாள். பிறகு முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள்.

அதிகாரி பதிவேட்டை மூடினார். இகழ்ச்சியாகக் கேட்டார்:

"ஆறு வருஷம் சரின்னு எழுதி, இப்போ அது சரியில்லைன்னா, பின்னே எதும்மா சரி?"

அவள் செருப்பைக் கழற்றினாள். இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தாள். நாற்காலியைத் தன் பக்கம் இழுத்து, அதன்மேல் ஏறி நின்றாள்.

"என்னம்மா பண்றே? இறங்கு!" என்றார் மேலாளர். அவளிடம் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல்முறை.

அவள் இடக்கையால் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். வலக்கையை விரித்து, தலைக்கு மேல் நேராக உயர்த்தினாள். உயரம் போதவில்லை. விரல் நுனிக்கும் கூரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது.

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார்.

"சார், இதை எப்படி எழுதறது?"

"எழுதாதே" என்றார் அதிகாரி.

அவள் குதிகால்களை உயர்த்தினாள்.